லாரியின் டீசல் லைன்: டேங்க் முதல் நாசில் வரை

காலையில் வண்டி எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்க்கிறோம், ஆயில் கேஜை இழுத்துப் பார்க்கிறோம், ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிறோம். டீசலுக்கு மட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதோடு சரி. டேங்கில் 200 லிட்டர் இருக்கிறது என்று முள் சொல்லும். அதில் அரை லிட்டர் தண்ணீர் என்பதை அது சொல்லாது.

முதல் வண்டி வாங்கியவருக்கும், கிளீனராக ஏறி ஸ்டீயரிங் பிடிக்கப் போகிறவருக்கும், பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் எழுதியது இது. பணக் கணக்கை முதலில் சொல்லிவிடலாம். டீசல் ஃபில்டர் சில நூறு ரூபாயில் தொடங்கி ஓரிரு ஆயிரத்தில் முடிந்துவிடும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், காமன் ரெயில் வண்டியில் (எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் நிறுத்தி வைக்கும் வண்டி) ஒன்று பல ஆயிரம். ஆறு சிலிண்டர் வண்டியில் அது ஆறு இருக்கிறது.

டீசல் போகும் பாதை

டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் நுனியில் ஒரு சல்லடை. அங்கிருந்து சேஸ் ஓரமாக வரும் ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் முன் ஃபில்டருக்குப் போகும். பெரும்பாலான வண்டிகளில் கை பம்ப்பும் இதன் தலையில்தான் இருக்கும். அடுத்தது ஃபீட் பம்ப், பிறகு மெயின் ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், ரெயில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். எரிக்காமல் மிஞ்சும் டீசல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். பட்டறைப் பேச்சில் இன்ஜெக்டர் முழுவதையும் 'நாசில்' என்றுதான் சொல்வோம். உண்மையில் நாசில் என்பது அதன் நுனி.

இந்தப் பாதையில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை இழுக்கும் பக்கம். ஃபீட் பம்ப்புக்கு அப்புறம் தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். இழுக்கும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராமல் காற்று உள்ளே போகலாம். 'எங்கேயும் லீக் இல்லையே, வண்டி மட்டும் நின்னு நின்னு போகுதே' என்று தலையைச் சொறியும் இடம் இதுதான்.

பழைய வண்டி, புது வண்டி

பழைய ஆட்கள் இன்றும் 'மைக்கோ பம்ப்' என்பார்கள். மைக்கோ என்ற பெங்களூரு கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, பேச்சில் பெயர் மாறவில்லை. காமன் ரெயிலுக்கு முந்தைய அந்த இன்லைன் பம்ப் காலத்து நாசில் 200, 250 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயிலில் முழு லோடில் 1600, 1800 பார் நிற்கும்; சில இன்ஜின்களில் அதற்கும் மேல். நன்றாகக் காற்றடித்த லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார். அதைப் போல் 200 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் ஏற ஏற உள்ளே உரசும் பாகங்களின் இடைவெளி சுருங்கியது. இன்ஜெக்டருக்குள் அது இரண்டு மூன்று மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பழைய பம்ப் விழுங்கி ஏப்பம் விட்ட தூசியில் காமன் ரெயில் இன்ஜெக்டர் செத்துப்போவது இதனால்தான்.

டீசலும் மாறிவிட்டது. புகை மாசுக்கான அரசுத் தரக் கட்டுப்பாடு நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பிஎஸ்4, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்று வந்தது. டீசலில் கந்தகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு), பிறகு 10 பிபிஎம் என்று இறங்கியது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைகிறது. ரிஃபைனரியில் அதற்கென்று மருந்து சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். ஹை பிரஷர் பம்ப்புக்குத் தனி ஆயில் இல்லாத வண்டிகளில் டீசலேதான் அதற்கு ஆயில். இந்த டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் என்ன ஆகும் என்பது இனி விளங்கும்.

பங்கில்

டேங்கர் லாரி நிலத்தடித் தொட்டியில் இறக்கிக்கொண்டிருந்தாலோ, அப்போதுதான் இறக்கி முடித்திருந்தாலோ அந்தப் பங்கில் போடாதீர்கள். அடியில் படிந்திருந்த வண்டலும் தண்ணீரும் கலங்கி மேலே வந்திருக்கும். கூட்டம் நிற்கும், சரக்கு சீக்கிரம் போகும் பங்காகப் பாருங்கள். அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லவும், 5 லிட்டர் அளவையில் அளந்து காட்டச் சொல்லவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ரோட்டோரத்தில் கேனில் விற்கும் மலிவு டீசலைத் தொடவே வேண்டாம். அவசரத்துக்குக் கேனில் வாங்க நேர்ந்தால் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகர டின் கூடாது, அந்தத் துத்தநாகம் டீசலில் கரைந்து நாசில் நுனியில் படியும்.

இரவு வண்டியை நிறுத்துமுன் டேங்க்கை நிரப்பிவிடுவது நல்ல பழக்கம். பாதி காலியான டேங்கில் பாதி காற்று. ராத்திரி குளிரும்போது அந்தக் காற்றின் ஈரம் தகரத்தில் வியர்த்து உள்ளே சொட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியின் ரப்பரையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். வெடித்த ரப்பர் வழியாக ஒரே மழையில் டம்ளர் கணக்கில் தண்ணீர் இறங்கும்.

தண்ணீர் இறக்குவது

தண்ணீர் டீசலைவிட எடை கூடியது, அடியில் நிற்கும். நாசிலுக்குப் போனால் அங்கே வழவழப்பு இருக்காது, துரு இருக்கும். இறக்குவது ஐந்து நிமிட வேலை. மழைக்காலத்தில் தினமும், மற்ற நாளில் வாரம் ஒருமுறையாவது செய்யலாம். டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் உடனே, ஓரம் கட்டிச் செய்ய வேண்டும். விளக்கு எரியும்வரை காத்திருப்பதும் சரியல்ல. அந்த சென்சார் பழுதாகி, எரியாமலே கிடக்கும் வண்டிகள் நிறைய.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் செல்ஃப் அடிக்கும் முன் செய்யுங்கள். ஓடி வந்த வண்டியில் தண்ணீரும் டீசலும் கலங்கிக் கிடக்கும். முன் ஃபில்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கையால் தளர்த்துங்கள், ஸ்பேனர் வேண்டாம், அது பெரும்பாலும் பிளாஸ்டிக். கீழே ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடியுங்கள். வராவிட்டால் கை பம்ப்பை நாலு தரம் அமுக்குங்கள். 100 மில்லி முதல் 200 மில்லி வரை வந்ததும், சுத்த டீசல் தெரிந்தால் மூடிவிடலாம்.

பாட்டிலை உடனே கொட்டாதீர்கள். பத்து நிமிடம் ஆடாமல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். மேலே இளமஞ்சளாக டீசல், அடியில் தெளிவாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே நிறமில்லாமல் தண்ணீர். பாட்டிலைச் சாய்த்தால் கோடும் சாயும், தண்ணீர் குண்டு குண்டாக உருளும். கோடே இல்லாமல் முழுக்கத் தெளிவாக இருந்தால் நிம்மதி. கோட்டின் மேல் கறுப்பாக, சளி போல ஒரு படலம் மிதந்தால் டேங்கில் கிருமி வளர்ந்துவிட்டது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் பூஞ்சை, பாக்டீரியா அது. அந்த டேங்க்கை இறக்கிக் கழுவியே ஆக வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில நாளில் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

தினமும் இறக்கியும் தினமும் தண்ணீர் வந்தால் பங்க்கை மாற்றுங்கள், மூடியைப் பாருங்கள்.

ஃபில்டர் மாற்றுவது

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஃபில்டர் பழசானதால் போகும் நாசில்கள் உண்டு. ஃபில்டரை அழுக்குக் கையோடு மாற்றியதால் போகும் நாசில்களும் அதே அளவு பட்டறைக்கு வருகின்றன என்றே தோன்றுகிறது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். மானுவலில் உள்ள எண்தான் கணக்கு. குவாரி, கல் உடைக்கும் இடம், மண் ரோடு என்று ஓடும் வண்டிக்கு அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். முன் ஃபில்டரையும் மெயின் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றைப் புதிதாகவும் மற்றொன்றைப் பழசாகவும் விட்டால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

இடையிலேயே அடைத்தால் வண்டி தானே சொல்லும். சமதளத்தில் ஒழுங்காக ஓடும். லோடோடு தொப்பூர் கணவாய் மாதிரி ஓர் ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும், ஆக்சிலேட்டரை அமுக்கினாலும் இழுக்காது. காற்று ஃபில்டரும் டர்போ ஹோஸும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் டீசல் ஃபில்டர்.

புது ஃபில்டரைத் தெரிந்த கடையில் வாங்குங்கள். போலி ஃபில்டர் பெட்டியிலும் பெயின்ட்டிலும் அசல் போலவே இருக்கும். வித்தியாசம் உள்ளே, காகித மடிப்பின் எண்ணிக்கையிலும் அதை ஒட்டிய பசையிலும் இருக்கும். மெயின் ஃபில்டர் சில மைக்ரான் தூசியையே பிடிக்க வேண்டியது. மலிவு ஃபில்டரில் டீசல் தாராளமாக வரும், வண்டியும் நன்றாக இழுப்பது போலத் தெரியும்; தூசியும் கூடவே தாராளமாக வருகிறது என்பதுதான் விஷயம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. இன்ஜினை அணைத்துவிட்டுக் குறைந்தது 10 நிமிடம் விடுங்கள், ரெயில் அழுத்தம் இறங்கட்டும். பேட்டரி சுவிட்ச் இருந்தால் நிறுத்துங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

2. பழைய ஃபில்டரைக் கழற்றும் முன்பே அதன் தலையையும் சுற்றுப்புறத்தையும் டீசலும் பிரஷும் கொண்டு கழுவித் துடையுங்கள். இதைச் செய்யாமல் கழற்றினால் மேலே ஒட்டியிருந்த மண் நேராகத் திறந்த வாய்க்குள் விழும்.

3. பனியன் வேஸ்ட்டைத் தூர வையுங்கள். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட் கை துடைக்க, ஆயில் துடைக்க அருமையானது. ஃபில்டர் தலையைத் துடைக்க மட்டும் ஆகாது. துடைத்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளையாக மயிர் மயிராக நூல் ஒட்டியிருக்கும். மெயின் ஃபில்டருக்கு அப்புறம் அதைத் தடுக்க எதுவும் கிடையாது, அடுத்த நிறுத்தம் பம்ப். நூல் விடாத துணி அல்லது பட்டறைக் காகிதம் பயன்படுத்துங்கள்.

4. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். தலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையம் ஆகும். கசியும், இல்லாவிட்டால் காற்று இழுக்கும்.

5. மெயின் ஃபில்டரில் டீசல் ஊற்றி நிரப்பி மாட்டாதீர்கள். பழைய இன்ஜினில் அது எல்லோரும் செய்த வேலை. காமன் ரெயிலில் நடு ஓட்டை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்ப்புக்குப் போகும். காலியாக மாட்டிக் கை பம்ப்பால் நிரப்புங்கள். கை வலிக்கும், பரவாயில்லை. முன் ஃபில்டரை நிரப்ப உங்கள் மானுவல் அனுமதித்தால், நடு ஓட்டையை அடைத்துக்கொண்டு ஓரத்துச் சிறு ஓட்டைகளில் மட்டும் ஊற்றுங்கள்.

6. புது ரப்பர் வளையத்தில் விரலால் சுத்தமான டீசல் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தலையைத் தொட்டபின் முக்கால் சுற்று என்பது பொதுவான அளவு. ஃபில்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு வேறாக இருந்தால் அதன்படி. ஃபில்டர் ரெஞ்சு கழற்றுவதற்கு மட்டும்தான்.

7. முன் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தையும் தண்ணீர் சென்சாரையும் பழையதிலிருந்து கழற்றிப் புதிதில் மாட்டும்போது ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். பெட்டிக்குள்ளேயே வரும், அதைத் தூக்கி எறிகிறவர்கள் அதிகம். எந்த டீசல் இணைப்பிலும் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிசிறு பிய்ந்து உள்ளே போகும்.

கழற்றிய பழைய ஃபில்டரை முடிந்தால் வெட்டிப் பாருங்கள். காகிதத்தில் கறுப்புச் சளி என்றால் கிருமி, செந்நிறத் தூள் என்றால் டேங்க் துரு. வெள்ளி போல மினுமினுத்தால் உலோகத் தூள். ஃபில்டருக்கு முன்னாலிருக்கும் ஃபீட் பம்ப் தேய்கிறது, அல்லது ஹை பிரஷர் பம்ப்பின் தூள் ரிட்டர்ன் வழியாக டேங்குக்கு வந்து சுற்றுகிறது. மினுமினுப்பைப் பார்த்தபின் வண்டியை ஓட்டாமல் பம்ப் பட்டறைக்குக் காட்டுங்கள்.

ஏர் எடுப்பது

ஃபில்டர் மாற்றியபின் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது. கை பம்ப் உள்ள காமன் ரெயில் வண்டியில், ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்திக் கை பம்ப்பை அமுக்குங்கள். முதலில் வெறும் காற்று, பிறகு நுரை, பிறகு குமிழியோடு டீசல், கடைசியில் குமிழி இல்லாத டீசல். அமுக்கிக்கொண்டே திருகை மூடி, பம்ப் கல்லாக இறுகும்வரை இன்னும் அமுக்குங்கள். எலக்ட்ரிக் பம்ப் வைத்த வண்டியில் சாவியை ஆன் செய்து அரை நிமிடம் விட்டு ஆஃப் செய்வதை மூன்று நான்கு தடவை செய்தால் போதும். செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது விடுங்கள். காற்று முழுக்க வெளியேறும் முன் செல்ஃபையே அடித்துக்கொண்டிருந்தால் பேட்டரியும் போகும், டீசல் இல்லாமல் சுற்றும் ஹை பிரஷர் பம்ப்பும் உரசிப் போகும்.

பழைய இன்லைன் பம்ப் வண்டியில் ஃபில்டரில் ஏர் எடுத்து, பம்ப்பிலும் எடுத்து, அப்படியும் எடுபடாவிட்டால் நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து டீசல் சொட்ட வைப்பார்கள். அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயிலுக்குக் கொண்டுவராதீர்கள். 1000 பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டும் தெரியும், உள்ளே தசை அழுகத் தொடங்கும். அப்படிப் பட்டால் வலி இல்லாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், 'அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது' என்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம் அது. ஹை பிரஷர் பைப்பில் கசிவு பார்க்க விரலால் தடவாமல் ஓர் அட்டையைத் தூரப் பிடித்துப் பாருங்கள்.

ஏர் எடுத்த பிறகும் காலையில் ஸ்டார்ட் ஆகி, பத்து விநாடியில் அணைந்து, மறுபடி பம்ப் அடித்தால் ஓடுகிறதா? இழுக்கும் பக்கத்தில் காற்று புகுகிறது. முன் ஃபில்டருக்கு அப்புறம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு துண்டு போட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். பிறகு அதை ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்துங்கள். குமிழி நிற்கும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. பெரும்பாலும் காப்பர் வாஷர், கிளிப் தளர்ந்த ஹோஸ், கை பம்ப்பின் உள் ரப்பர் இவற்றில் ஒன்றாக இருக்கும். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயில் விரிசல் விழுந்தாலும் இதே கதைதான். டேங்க் நிரம்பியிருந்தால் வண்டி ஓடும், பாதிக்குக் கீழே இறங்கினால் நிற்கும்.

நாசில் சொல்லும் அறிகுறிகள்

கறும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நாசிலைக் கழற்றும் முன் காற்று ஃபில்டரையும் இன்டர்கூலர் ஹோஸையும் பாருங்கள். சூடேறிய பிறகும் வெண்புகை வந்து கண் எரிந்தால் எரியாத டீசல். நீலப்புகை ஆயில் எரிவது, அது வேறு வைத்தியம். பிஎஸ்6 வண்டியில் சைலன்சருக்குள் இருக்கும் ஃபில்டர் கரியைப் பிடித்துவிடுவதால் புகையை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே ஆயில் கேஜ்தான் துப்பு. ஆயில் மட்டம் குறையாமல் ஏறி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், ஏதோ ஒரு நாசில் மூடாமல் ஒழுகுகிறது அல்லது பம்ப் சீல் போயிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும்.

எந்த நாசில் என்று கண்டுபிடிக்க ரிட்டர்ன் சோதனை இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வாயிலும் ஒரே அளவுக் குழாயும் பாட்டிலும் மாட்டி, சூடேறிய இன்ஜினை இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு ஏறியிருந்தால் அதுதான் ஆள். ரிட்டர்ன் ஹெட்டுக்குள்ளேயே ஓடும் இன்ஜின்களில் இது வீட்டு வேலை இல்லை, பட்டறையில் ரெயிலின் ஒவ்வொரு வாயாக அடைத்துப் பார்ப்பார்கள்.

கழற்றிப் போடும்போது அடியில் இருக்கும் காப்பர் வாஷர் கட்டாயம் புதிது. பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கிடக்கும், டார்ச் அடித்து எடுத்துவிட்டுக் குழியைச் சுத்தம் செய்யுங்கள். புது இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருந்தால் அதை எழுதி வைத்துக்கொண்டு, எந்த சிலிண்டரோ அதற்கு நேராக ஸ்கேனர் மூலம் ஈசியூவில் (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாமல் விட்டால் புது நாசில் போட்ட பிறகும் ஐடில் ஆடும், மைலேஜ் கிடைக்காது. கழற்றிய பைப் வாய்களை அந்தந்த நிமிடமே மூடி வையுங்கள்.

நீல மூடி

பிஎஸ்6 லாரிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்திலேயே யூரியாக் கரைசல் டேங்க் இருக்கும், மூடி நீலம். 32.5 சதவீத யூரியா, மிச்சம் தண்ணீர். அரைத்தூக்கத்தில் இதை டீசல் டேங்கில் ஊற்றிவிடுவது உண்டு. ஊற்றியது தெரிந்ததும் சாவியைத் தொடாதீர்கள். ஆன் செய்தாலே பம்ப் இழுக்கத் தொடங்கும் வண்டிகள் இருக்கின்றன. கரைசல் டீசலோடு கலக்காமல் அடியில், சரியாக உறிஞ்சு குழாயின் வாயருகே போய் நிற்கும். டேங்க்கை முழுக்க இறக்கிக் கழுவுவது ஒருநாள் செலவு. ஸ்டார்ட் செய்துவிட்டால் உள்ளே வெள்ளையாக உறைந்து பம்ப், ரெயில், நாசில் எல்லாம் போகும்.

இறக்கிய டேங்கில் வெல்டிங் வைக்க வேண்டுமென்றால், ஆவி இல்லாமல் கழுவிச் சுத்தம் செய்து கொடுக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது.

குளிர் ஊருக்குப் போகும்போது

நாமக்கல்லைத் தாண்டிப் போகும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகரில் முடிகிறது. மார்கழியில் அங்கே லோடு போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் டீசல் வெயில் ஊர் டீசல். கோடை டீசல் 18 டிகிரி வரையிலும், குளிர்கால டீசல் 6 டிகிரி வரையிலும் ஃபில்டரை அடைக்காமல் ஓடினால் போதும் என்பது இந்தியத் தரக் கணக்கு. அதற்குக் கீழே மெழுகு பிரிந்து ஃபில்டரில் படியத் தொடங்கலாம். வண்டி ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் ஓடி, மூச்சடைத்து நிற்கும். தெற்கே நிரப்பிய டீசலைச் சமவெளியிலேயே தீர்த்துவிட்டு, மலையேறும் முன் அந்தப் பகுதிப் பங்கில் டேங்க்கை நிரப்புங்கள். லடாக் பக்கம் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-லிருந்து தருகிறது. மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வித்தை காமன் ரெயிலுக்கு ஆகாது. டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது எந்த வண்டிக்குமே ஆகாது. ஃபில்டரின் மேல் துணியைச் சுற்றி வெந்நீர் ஊற்றி மெழுகு இளகிய பிறகு கை பம்ப்பை அமுக்கிப் பாருங்கள், பம்ப் இறுகினால் செல்ஃப் அடிக்கலாம்.